எழுதாத சட்டத்தை வைத்து ஒருவனைச் சிறையில் போடலாமா?



போன வாரம் லண்டனில் சட்டம் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "சார், இந்த ஊர்ல கொலைக்கு செக்‌ஷனே கிடையாதாம் சார்" என்று சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. சார் பதிவு என்றாலே ரயில் வண்டி நீளம் என்று அலுத்துக்கொள்ளும் மருமகப்பிள்ளைகள் காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காரலாம்.

முதலில் அவள் சொன்னது உண்மை. நமக்கு 302 என்றால் கொலை, 420 என்றால் ஏமாற்று. சட்டம் படிக்காதவர்களுக்கும் சினிமா பார்த்தே இது மனப்பாடம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறிவிட்டன. கொலைக்குத் தண்டனை 103, ஏமாற்றுக்கு 318. எண் மாறினாலும் எண் ஒன்று இருக்கிறது. எது கொலை, எது கொலை ஆகாது, என்ன தண்டனை என்று அச்சடித்த புத்தகத்தில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்தையும் புரட்டிப் பாருங்கள், "கொலை என்பது இது" என்ற விளக்கம் கிடைக்காது. கொலைக்கு ஆயுள் தண்டனை என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொலையைச் சில சூழ்நிலைகளில் சிறிய குற்றமாகக் குறைக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கொலை என்றால் என்ன? அதற்கு எட்வர்ட் கோக் என்ற நீதிபதி எழுதிய நூலுக்குப் போக வேண்டும். அவர் இறந்தது 1634-ல். அந்தப் பகுதி அச்சானதே அவர் இறந்து பத்து வருடம் கழித்து. அடிபட்டவன் ஒரு வருடம் ஒரு நாளுக்குள் செத்தால்தான் கொலை என்று அவர் விளக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அதை எடுக்க நாடாளுமன்றம் 1996 வரை எடுத்துக்கொண்டது.

இப்படி நீதிபதிகளின் தீர்ப்புகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த சட்டத்தைத்தான் காமன் லா என்கிறார்கள். தமிழில் பொதுச்சட்டம் என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, இருந்தாலும் வேறு நல்ல சொல் கைவசம் இல்லை. நம் கிராமத்து வழக்காறு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வழக்காற்றை ஊர் வைத்திருக்கிறது. இதை நீதிமன்றம் வைத்திருக்கிறது. ஒரு நீதிபதி சொன்னதை அடுத்தவர் பின்பற்ற வேண்டும், அவருக்கு மேல் உள்ள நீதிமன்றம் சொன்னால் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். 2013-ல் கிறிஸ் ஹூன் என்ற முன்னாள் அமைச்சரும் அவருடைய முன்னாள் மனைவியும் ஆளுக்கு எட்டு மாதம் சிறைத் தண்டனை பெற்றார்கள். பல வருடம் முன்பு அவர் காரை வேகமாக ஓட்டி கேமராவில் சிக்கியபோது, ஓட்டியது நான்தான் என்று மனைவி சொல்லி உரிமத்தில் விழும் அபராதப் புள்ளிகளைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். அந்தக் குற்றத்தின் பெயர் நீதியின் போக்கைத் திரித்தல். அதுவும் எழுதப்பட்ட சட்டத்தில் பிறந்ததல்ல, காமன் லா குற்றம். அரசு வருவாயை ஏய்ப்பது, அரசுப் பதவியில் இருந்துகொண்டு கடமை தவறுவது எல்லாம் அப்படி வந்தவைதான். கடைசியில் சொன்னதற்கு 1979-ல் ஒரு தீர்ப்பு உண்டு. ஒரு கிளப் வாசலில் ஒருவனை உதைத்தே கொன்றுகொண்டிருந்தார்கள். சீருடையில் நின்ற போலீஸ்காரர் தடுக்கவும் இல்லை, உதவிக்கு ஆள் கூப்பிடவும் இல்லை, வேலை நேரம் முடிந்தது என்று போய்விட்டார். சும்மா நின்றது குற்றம் என்று சொல்ல எழுதப்பட்ட சட்டம் எதுவும் கைகொடுக்கவில்லை. காமன் லா கைகொடுத்தது. தண்டித்தார்கள். அந்தத் தீர்ப்பை வாசித்தபோது சபாஷ் என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆகவே அவர்கள் முறையே மட்டம், நம் முறையே உசத்தி என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் நீதிபதி பேசலாமா என்ற கேள்விக்கு என் மனதில் ஒரு பதில் உண்டு. கூடாது என்பதுதான் அது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒழுங்கு விதிகள் என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். தாமதமாக வரக்கூடாது, சீருடை இல்லாமல் வரக்கூடாது என்று ஒன்பது விதி இருக்கும். பத்தாவதாக "இன்ன பிற ஒழுங்கீனங்கள்" என்று ஒரு வரி. உங்களில் பாதிப் பேர் முட்டி போட்டது அந்தப் பத்தாவது வரியால்தான்! பள்ளிக்கூடத்தில் முட்டி வலியோடு போய்விடும். ஒரு நாட்டின் குற்றவியல் சட்டத்தில் அந்தப் பத்தாவது வரி இருந்தால் என்ன ஆகும்?

1663-ல் சர் சார்லஸ் செட்லி என்ற பெரிய இடத்துப் பிள்ளை லண்டன் கோவென்ட் கார்டன் பக்கம் ஒரு சாராயக்கடை மாடத்தில் ஆடையில்லாமல் நின்று, கீழே கூடிய கூட்டத்துக்கு மதப் பிரசங்கம் மாதிரி கேலிப் பேச்சு பேசி, சிறுநீர் நிரப்பிய பாட்டில்களை மேலிருந்து வீசினார். (பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.) அதைத் தண்டிக்கச் சட்டம் எங்கே என்று கேள்வி வந்தது. மன்னரின் நீதிமன்றம், மக்கள் ஒழுக்கத்துக்கு நாங்களே காவலர் என்றது. லத்தீனில் கஸ்டோஸ் மோரம். அதுதான் அவர்களுடைய பத்தாவது வரி.

அந்த மாடத்துக் காரியத்தைத் தண்டித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இரண்டு லத்தீன் சொற்கள் 300 வருடம் கழித்து எழுந்து வந்தன. 1959-ல் இங்கிலாந்தில் தெருவோரம் நின்று ஆள் பிடிக்கும் பாலியல் தொழிலைத் தடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். தொழில் குற்றமல்ல, தெருவில் நின்று அழைப்பதுதான் குற்றம். தெருவில் நிற்க முடியாத பெண்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களைத் திரட்டி, ஷா என்பவர் சிறு புத்தகமாகப் போட்டு விற்றார். பெயர் "லேடீஸ் டைரக்டரி". அருவருப்பான பிழைப்பு, அதில் எனக்கும் சந்தேகமில்லை. அவர்மேல் மூன்று குற்றச்சாட்டு. பாலியல் தொழில் வருமானத்தில் வாழ்ந்தார், ஆபாச வெளியீடு செய்தார் என்ற இரண்டும் எழுதப்பட்ட சட்டப்படி. மூன்றாவது, பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்தார் என்பது. அப்படி ஒரு குற்றத்தை எந்த நாடாளுமன்றமும் இயற்றவில்லை.

1961-ல் பிரபுக்கள் சபை, அன்றைக்கு அதுதான் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், தண்டனை சரி என்று ஒன்பது மாதச் சிறையை உறுதி செய்தது. அரசின் பாதுகாப்பை மட்டுமல்ல, ஒழுக்க நலத்தையும் காக்க நீதிமன்றத்திடம் எஞ்சிய அதிகாரம் ஒன்று இன்னும் இருக்கிறது என்ற பொருளில் வைகவுண்ட் சைமண்ட்ஸ் எழுதினார். லார்டு ரீட் ஒருவர் மட்டும் மறுத்தார். எது ஒழுக்கக்கேடு என்பதில் ஊருக்குள்ளேயே ஆயிரம் கருத்து இருக்கும்போது, நாடாளுமன்றம் நுழையாத இடத்தில் நீதிமன்றம் நுழையலாகாது என்பது அவர் கட்சி.

இதில் என்னை உறுத்துவது தேவையின்மைதான். அந்த ஆளை உள்ளே தள்ள இரண்டு சட்டங்கள் கையில் இருந்தன. மூன்றாவதற்கு அவசியமே இல்லை. அவசியமில்லாத இடத்தில் உருவாக்கிய ஆயுதம் அவசியமில்லாத ஆட்கள் மேல் பாயும். பாய்ந்தது. 1967-ல் நாடாளுமன்றம், வயது வந்த இரண்டு ஆண்கள் தனிமையில் சம்மதத்தோடு உறவு கொள்வது குற்றமல்ல என்று சட்டம் போட்டது. பிறகு "இன்டர்நேஷனல் டைம்ஸ்" என்ற பத்திரிகையில் அப்படிப்பட்ட ஆண்கள் துணை தேடி விளம்பரம் கொடுத்தார்கள். செய்கை குற்றமல்ல, விளம்பரம் போட்ட பத்திரிகைக்காரர்கள் குற்றவாளிகள்! அதே பொது ஒழுக்கச் சதி. 1972-ல் பிரபுக்கள் சபை அந்தத் தண்டனையையும் உறுதி செய்தது. ஷா வழக்கில் எதிர்த்த லார்டு ரீடே, அந்தத் தீர்ப்பு தவறு என்ற என் எண்ணம் மாறவில்லை, ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான், மாற்றுவதானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று சொல்லி உடன்பட்டார். ஒரு நல்லது நடந்தது: இனி புதுக் குற்றம் உண்டாக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று அந்த வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள், ஆனால் உள்ளே வந்துவிட்டதை வெளியே விடவில்லை.

ஜெரமி பெந்தம் இதைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே கேலி செய்திருக்கிறார். நாய் வளர்ப்பவர் என்ன செய்கிறார்? நாய் வேண்டாத ஒன்றைச் செய்யும்வரை காத்திருக்கிறார், செய்ததும் அடிக்கிறார். நீதிபதிகள் நமக்குச் சட்டம் செய்வதும் அப்படித்தான் என்பது அவர் வாதம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அடி விழுந்த பிறகுதான் விதி தெரியும் என்றால் அது விதியா?

டொராண்டோ உறவுகளுக்காக ஒரு கனடா வழக்கு. 1940-களின் பிற்பகுதி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். இரவில் ஒருவன் ஒரு வீட்டு ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். அறைக்குள் வீட்டுக்காரரின் தாய். வீட்டுக்காரர் கறி வெட்டும் கத்தியோடு துரத்திப் பிடித்து போலீஸில் ஒப்படைத்தார். அமைதிக்குப் பங்கம் வரும்படி நடந்தான் என்று கீழ்க்கோர்ட் தண்டித்தது, மேல்முறையீட்டில் அது ரத்தானது. எட்டிப் பார்த்தவன் சும்மா இருந்தானா? என்னைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தார்கள் என்று நஷ்டஈடு கேட்டான்! 1950-ல் கனடா உச்ச நீதிமன்றம் அவன் பக்கம் தீர்த்தது. அசிங்கமான காரியம்தான், ஆனால் எட்டிப் பார்ப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த முன்தீர்ப்பிலும் இல்லை, புதிதாகக் குற்றம் உண்டாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து "சார், அந்தம்மாவுக்கு யார் சார் நியாயம் சொல்றது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கனடாவில் நடந்ததுதான் பதில். சில வருடங்களில் புதிய குற்றவியல் தொகுப்பு வந்தது. இரவில் அடுத்தவர் வீட்டை ஒட்டிப் பதுங்கித் திரிவது குற்றம் என்று எழுதிவைத்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு ஒன்றைத் தவிர மற்ற காமன் லா குற்றங்களையெல்லாம் அதே தொகுப்பில் ஒழித்தும் விட்டார்கள். நீதிமன்றம் கைவிரித்ததால் நாடாளுமன்றம் எழுந்து வேலை செய்தது. நீதிமன்றமே ஒட்டுப் போட்டுச் சமாளித்திருந்தால் இது நடந்திருக்குமா?

சட்டத்தின் மௌனத்தை மதித்த இன்னொரு தீர்ப்பை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. வேல்ஸ் நாட்டில் வில்லியம் பிரைஸ் என்று ஒரு வைத்தியர். வயது 83. பழைய ட்ரூயிட் சமயத்தில் பிடிப்பு உள்ளவர், ஊர் பார்வையில் அரைக் கிறுக்கர். 1884 ஜனவரியில் அவருடைய ஐந்து மாதக் குழந்தை இறந்தது. பிணத்தைப் புதைத்தால் மண் கெட்டுப்போகும் என்பது அவர் கொள்கை. லான்ட்ரிசன்ட் ஊர்க் குன்றின் மேல் குழந்தையின் உடலை எரிக்கத் தொடங்கினார். ஊரே திரண்டு வந்து அடிக்கப் போனது. உடலைத் தீயிலிருந்து இழுத்தார்கள், அவரைக் கைது செய்தார்கள். கிறிஸ்தவ நாட்டில் பிணத்தை எரிப்பதா! பொது ஒழுக்கக் காவலர் என்று பார்த்தால் இதைவிடப் பெரிய சந்தர்ப்பம் எந்த நீதிபதிக்கும் கிடைத்திருக்காது.

கார்டிஃப் நகரில் வழக்கை விசாரித்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். வக்கீல் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர். கல்கத்தாவில் வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்து 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர் அவரே. பிணத்தை எரிக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, பொதுமக்களுக்குத் தொல்லை வராதபடி எரித்தால் அது குற்றமாகாது என்று ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். பிரைஸ் வெளியே வந்தார், குழந்தையைத் தம் விருப்பப்படியே எரித்தார். அடுத்த வருடம் லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் எரியூட்டு மையம் செயல்படத் தொடங்கியது. 1902-ல் எரியூட்டுச் சட்டமே வந்தது. இன்று இங்கிலாந்தில் நம் உறவுகள் பெற்றோருக்கு நம் முறைப்படி எரியூட்ட முடிகிறதென்றால், அதற்கான வழியைத் திறந்ததில், எழுதாத குற்றத்தைத் தன் கையால் எழுத மறுத்த அந்த நீதிபதிக்குப் பங்கு உண்டு. முந்தின வருடம் வெளியான தம் வரலாற்று நூலில், நீதிபதிகள் இந்தக் காலத்தில் புதுக் குற்றம் உண்டாக்க முற்படுவது நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை என்ற பொருளில் எழுதியவர் அவர். 78 வருடம் கழித்து ஷா வழக்கு வந்தது.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது என் கட்சிக்கு எதிரானது.

மேத்யூ ஹேல் என்று 17-ஆம் நூற்றாண்டுத் தலைமை நீதிபதி. திருமணம் ஆனபோதே மனைவி சம்மதம் கொடுத்துவிட்டாள், அதைத் திரும்பப் பெற முடியாது, எனவே கணவன் மனைவியைப் பலாத்காரம் செய்ததாகவே ஆகாது என்று எழுதிவைத்தார். அவர் இறந்தது 1676-ல், நூல் வெளியானது 1736-ல். செத்துப்போன ஒருவரின் ஒரு வாக்கியம் இரண்டரை நூற்றாண்டு சட்டமாக நின்றது. 1989-ல் ஒரு பெண் கணவனைப் பிரிந்து பெற்றோர் வீட்டுக்குப் போனாள். பெற்றோர் வெளியே போன நேரத்தில் கணவன் உள்ளே புகுந்து, கழுத்தை நெரித்து, பலாத்காரத்துக்கு முயன்றான். லெஸ்டர் நீதிமன்றம் மூன்று வருடம் கொடுத்தது. 1991 அக்டோபரில் பிரபுக்கள் சபை, ஹேல் சொன்ன விலக்கு இன்றைய சட்டமே அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது.

அன்று நாடாளுமன்றம் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நீதிமன்றம். நான் செய்த நேரத்தில் அது குற்றமில்லையே என்று அந்தக் கணவன் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனான். சட்டம் இந்தத் திசையில் நகர்ந்து வருவது முன்பே தெரிந்ததுதான் என்று 1995-ல் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். நானும் அந்தத் தீர்ப்பில் நிறைவடைந்தவன். அப்படியானால், நீதிபதி குற்றம் உண்டாக்கக் கூடாது என்கிற என் பேச்சு என்ன ஆனது?

பல நாள் யோசித்திருக்கிறேன். பலாத்காரம் என்ற குற்றம் முன்பே இருந்தது. ஒரு வகை ஆட்களுக்கு மட்டும் தப்பிக்கும் வழி ஒன்று இருந்தது. அந்த வழியை வெட்டியது நாடாளுமன்றம் அல்ல, ஒரு நீதிபதியின் பேனா. பேனாவால் வெட்டிய வழியைப் பேனாவால் அடைக்கலாம். ஷாவுக்குச் செய்தது அதுவல்ல, இல்லாத குற்றத்தை இருப்பதாக்கியது. இந்த வேறுபாடு எனக்குப் போதுமானதாகப் படுகிறது. ஆனாலும் முழுக்க நிம்மதி தரவில்லை. ஏனென்றால் 1970-ல் மனைவியிடம் செய்த காரியத்துக்கு ஒருவன் 2000-க்குப் பிறகு தண்டிக்கப்பட்டான், 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் உறுதி செய்தது. 1970-ல் எந்த வக்கீலைக் கேட்டிருந்தாலும் இது குற்றமல்ல என்றுதான் சொல்லியிருப்பார். அவன் செய்தது கொடுமை. கொடுமை என்பதும் குற்றம் என்பதும் ஒன்றுதான் என்று நாம் ஒப்புக்கொண்டால் சைமண்ட்ஸ் பிரபுவும் அதைத்தானே சொன்னார்? இந்த வழக்கில் மட்டும் என் மனமும் என் கொள்கையும் இரண்டு பக்கம் இழுக்கின்றன.

இப்போது நம் பக்கம் வருவோம். 1862-க்கு முன்னால் சென்னைப் பட்டணத்துக்குள் இங்கிலாந்துக் குற்றவியல் சட்டம்தான். 1801-ல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட் அதைத்தான் நடத்தியது. பட்டணத்து எல்லையைத் தாண்டினால் மொஃபசிலில் கம்பெனி திருத்தி வைத்திருந்த முகமதியச் சட்டம். ஒரே குற்றம், நின்ற இடத்தைப் பொறுத்து வேறு சட்டம். மெக்காலே இந்தக் குழப்பத்தைப் பார்த்துவிட்டு 1837-ல் ஒரு நகல் எழுதினார். அதுதான் 1860-ல் இ.பி.கோ. ஆகி 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. கல்விக் கொள்கைக்காக மெக்காலேயை வகுப்பில் நான் திட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் திட்டு அப்படியே இருக்கட்டும். ஆனால் குற்றம் என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், சாமானியன் படித்தால் புரிய வேண்டும் என்று அவர் வைத்த அடிப்படை நல்ல அடிப்படை. தங்கள் நாட்டில் செய்யாததை வெள்ளைக்காரர்கள் நம் நாட்டில் செய்தார்கள். இலங்கைக்கு 1883-ல் தண்டனைச் சட்டக்கோவை போனது. சிங்கப்பூருக்கும் நம்முடையதை ஒட்டியே போனது. ஸ்டீபன் இங்கிலாந்துக்கும் ஒரு தொகுப்பு எழுதிக் கொடுத்தார், அந்த நாடாளுமன்றம் கடைசிவரை ஏற்கவில்லை.

ஆனால் எழுத்தில் வைப்பதிலும் ஒரு வினை உண்டு. ஹேல் எழுதிய அந்த விலக்கை மெக்காலே தம் நகலில் அப்படியே சேர்த்துவிட்டார். அது 375-ஆம் பிரிவின் விதிவிலக்காகி, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறது. மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால் கணவன்மேல் பலாத்கார வழக்கு இல்லை. அந்த 18 கூட 2017-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது, அதற்கு முன் 15. இங்கிலாந்தில் எழுதாமல் இருந்ததால் ஒரே தீர்ப்பில் துடைத்துவிட முடிந்தது. இங்கே எழுதி வைத்ததால் நீதிபதிகள் அரசியல் சாசனத்தைக் கையில் எடுத்தால்தான் தொட முடியும். 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு சொல்ல, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. காமன் லாவின் வலிமை எது என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஒரு உதாரணத்தைத்தான் சொல்வேன்.

இன்னொரு பக்கம், உண்மையிலேயே மௌனமாகிப்போன இடமும் நம் சட்டத்தில் இப்போது இருக்கிறது. இ.பி.கோ. 377 உங்களுக்குத் தெரியும். 2018-ல் உச்ச நீதிமன்றம், சம்மதத்தோடு நடப்பதை அதிலிருந்து விடுவித்தது. சம்மதமில்லாமல் நடப்பது குற்றமாகவே நீடித்தது. புதுச் சட்டம் எழுதியபோது 377-ஐ முழுவதுமாக விட்டுவிட்டார்கள். 63-ஆம் பிரிவு, ஆண் பெண்ணுக்குச் செய்வதை மட்டும்தான் பலாத்காரம் என்கிறது. சிறுவர்களுக்குப் போக்சோ இருக்கிறது. திருநங்கை, திருநம்பியருக்கு 2019 சட்டத்தில் அதிகபட்சம் இரண்டே வருடத் தண்டனை. வயது வந்த ஓர் ஆணுக்கு இந்தக் கொடுமை நடந்தால்? அடிதடி, காயம் என்ற பிரிவுகளில்தான் புகார் எழுதச் சொல்வார்கள். கல்லூரி விடுதிக்கும், ஊர்விட்டு ஊர் வேலைக்கும் எத்தனை பையன்களை நாம் அனுப்பியிருக்கிறோம். இது ஏட்டுச் சந்தேகம் அல்ல.

இங்கிலாந்துப் பழைய நீதிபதி என்றால் பழைய புத்தகத்தில் எதையாவது தேடிப் பிடித்திருப்பார். 2024 அக்டோபரில் இந்தக் கோரிக்கை நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, குற்றத்தை உண்டாக்குவது எங்கள் வேலையல்ல, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி மனுவை ஏற்க மறுத்துவிட்டார்கள். என் நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். நான் நீதிமன்றத்தின் பக்கம். இன்று ஒரு நல்ல காரியத்துக்காக அந்த அதிகாரத்தைக் கையில் கொடுத்தால், நாளைக்கு வேறொரு நீதிபதி அதை ஒரு பத்திரிகைக்காரர் மேலோ, ஊருக்குப் பிடிக்காத காரியம் செய்த ஒரு கிழவர் மேலோ பிரயோகிப்பார். என் கோபம் சட்டத்தை எழுதியவர்கள் மேல். நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழுவே 2023 நவம்பரில், சம்மதமற்ற உறவுக்கு 377-ஐ ஒத்த ஒரு பிரிவை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. அடுத்த மாதமே அது இல்லாமல் சட்டம் நிறைவேறியது. மறந்து விடுபட்டது என்று சொல்ல வழியில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பதினைந்து பேராவது கறுப்பு கோட்டு போட்டவர்கள். இரண்டு பேர் அரசு வழக்கறிஞர்கள். விடுபட்ட அந்தப் பிரிவை நீங்கள் எழுதுவதானால் எந்தச் சொற்களில் எழுதுவீர்கள்? பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று கேட்காமல் "ஒருவர்" என்று தொடங்கினால் 63-ஆம் பிரிவோடு முட்டுமா? கீழே எழுதுங்கள். வழக்கம்போல் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்துவேன்.